எங்களைப் பற்றித்தான் கதைக்கினம்

ஈரமான வெள்ளைப் படுக்கை விரிப்பு ஒன்றின் ஒரு மூலை என் கையில் இருக்கிறது. மறு மூலை எனக்கு எதிரே நிற்கும் அன்ரியின் கையில். இருவரும் பின்னால் சாய்ந்து ஒருதரம் இழுத்து உதறுகிறோம். பிறகு அதன் விளிம்பை ஓடுகிற பட்டியின் மேல் வைக்கிறோம். "விடு" என்கிறார் அன்ரி. விடுகிறோம். ஆவி பறக்கும் இரும்பு உருளைகள் அதை உள்ளே இழுத்துக்கொள்கின்றன. இந்தக் காட்சி நினைவுக்கு வரும்போதெல்லாம், உருளைகளின் அந்தக் கோடியில், சிவப்புப் பொத்தானுக்குப் பக்கத்தில், கைகளைக் கட்டிக்கொண்டு எங்களைப் பார்த்தபடி நிற்கும் எங்கள் சுப்பவைசரும் கூடவே வருகிறார். வெள்ளைக்கார மனிசி, நரைத்த குட்டை முடி, வெயில் இல்லாத நாட்டில் பிறந்தவரின் வெளுத்த கண்கள். அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்று அந்த நாட்களில் நாங்கள் நிறையக் கதைத்தோம். எல்லாவற்றையும் தமிழில்தான் கதைத்தோம்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கனடாவில், ஸ்காபரோவில் நான் வேலை செய்த இடம் ஆஸ்பத்திரித் துணிகளை வெளுக்கும் தொழிற்சாலை. உருளை மெசினில் நின்றவர்களில் அநேகர் எங்கள் ஆட்கள். ஊருக்கு எழுதும் கடிதத்தில் யாரும் துணி வெளுக்கிற வேலை என்று எழுதுவதில்லை. "ஒரு கொம்பனி" என்பதோடு நிறுத்திவிடுவார்கள். ஊரில் அது ஒரு சாதிக்கென்று ஒதுக்கிய தொழில்; யாழ்ப்பாணத்தாருக்கு அதற்குமேல் விளக்கத் தேவையில்லை. என் அப்பா அடுத்தவரின் வெங்காயத் தோட்டத்தில் கூலிக்கு நின்றவர். அம்மாவுக்குக் கையெழுத்துக்குப் பதில் கைநாட்டு. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தைக் கடைசி வகுப்புவரை பார்த்த முதல் ஆள் நான் என்பதால், மெசினுக்கு முன்னால் ஈரத் துணியோடு நின்றபோதும் எனக்கென்று ஒரு மதிப்பு இருந்தது. மேலிடத்தோடு ஏதாவது பேச வேண்டுமென்றால், "தம்பி படிச்சவன், அவன் கதைக்கட்டும்" என்று என்னை முன்னால் தள்ளிவிடுவார்கள். நானும் முழு மனதோடு போவேன். ஒரு பாஷையில் சொன்னதை மறு பாஷையில் பிழையில்லாமல் சொல்லிவிட்டால் மனிதர்களுக்கு இடையில் பிணக்கே வராது என்று அப்போது நம்பியிருந்தேன்.

அன்ரி எனக்கு உறவில்லை, மன்னார்ப் பக்கத்தவர். கணவர் இல்லை. இரண்டு பெடியன்களும் கொழும்பில் ஒரு லொட்ஜில், அன்ரியின் தங்கையின் பொறுப்பில் இருந்தார்கள். மூத்தவனுக்கு அப்போதுதான் மீசை அரும்பத் தொடங்கியிருந்தது. அந்த வயதில் ஒரு தமிழ்ப் பெடியன் பொலிஸ் மறித்துப் பிடித்துக்கொண்டு போகிற கொழும்புத் தெருவில் நடந்து போவதென்றால் என்ன என்பது தெரியாதவர்கள் எங்களுக்குள் இல்லை. பெடியன்களைக் கூப்பிட அன்ரி ஸ்பொன்சர் செய்திருந்தார். அலுவல் முடியும்வரை அவர் ஒரு நிரந்தர வேலையில் இருப்பதைக் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும். "வேலை போச்செண்டால் என்ரை பிள்ளையள் அங்கைதான்" என்று சொல்வார். பயமுறுத்துவதற்காகவோ இரக்கம் தேடியோ சொல்வதில்லை. பஸ் எத்தனையாவது தரிப்பில் நிற்கும் என்று சொல்வதுபோல் சொல்வார். 

எங்கள் வேலை குரலில் நடக்கிற வேலை. மெசின் சத்தத்துக்கு மேலால் "இழு", "வை", "பொறு", "விடு" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். ஒருவர் முந்திவிட்டால் விரிப்புச் சுருங்கி உள்ளே போகும். அந்தச் சொற்களுக்கு இடையில் ஊர்க் கதை, வீட்டு வாடகை, யாருக்கு எங்கே பெண் பார்க்கிறார்கள் என்பதெல்லாம் ஓடும். ஆனால் சுப்பவைசர் எங்கள் பக்கம் வந்தால் எல்லாம் நின்றுவிடும். யாரும் சொல்லித்தந்ததில்லை. வீட்டில் அப்பா படலையைத் திறந்தால் பிள்ளைகள் வாயை மூடுவதில்லையா, அந்த மாதிரி. வயதில் மூத்தவர், மேலே உள்ளவர், அவர் முன்னால் சளசளவென்று கதைக்கலாமா? பெண்கள் அவர் முகத்தைப் பார்க்காமல் துணியைப் பார்ப்பார்கள். தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடும்படி அவர் எத்தனையோ தரம் கேட்டும் எங்களில் ஒருவருக்கும் வாய் வரவில்லை. எங்களைப் பொறுத்தவரை அது முழுக்க முழுக்க மரியாதை.

சுப்பவைசரின் கணவரும் அங்கேதான் வேலை. துணி ஏற்றிப் போகும் ட்றக் ஓடுபவர், உயரமான, நல்ல களையான மனிதர். காலையில் அவர் ட்றக்கைப் பின்பக்க வாசலில் கொண்டுவந்து நிறுத்தியதும் சுப்பவைசர் அங்கே போவார். இருவரும் நின்று கதைப்பார்கள். தொண்டையின் அடியிலிருந்து புறப்பட்டுப் பாட்டுப்போல் ஏறி இறங்கும் ஒரு பேச்சு. இங்கிலிஷ் இல்லை என்பது மட்டும் எங்களுக்குத் தெரிந்தது.

"தம்பி, உது என்ன பாஷை?" என்று அன்ரி ஒருநாள் கேட்டார்.

"ஜேர்மனாக இருக்கும், அன்ரி."

துணி வண்டி தள்ளும் அண்ணை ஒருவர் எங்களோடு இருந்தார். எதற்கும் பகிடி விடுகிற ஆள். "ஜேர்மனோ சேர்மனோ, எங்களைப் பற்றித்தான் கதைக்கினம்" என்றார். "நாங்கள் வரும்வரைக்கும் இங்கிலிஷிலைதான் கதைச்சுக்கொண்டு நிண்டவை. எங்களைக் கண்டவுடனை மாத்திப்போட்டினம்."

"நீங்கள் கேட்டனீங்களோ அண்ணை?"

"கேக்க வேணுமே? முகத்தைப் பார்க்கத் தெரியேல்லையே!"

"நாங்களும் அவைக்கு முன்னாலை தமிழ்தானே கதைக்கிறம்."

"அது எங்கடை பாஷையெல்லோ!"

"உது அவையின்ரை பாஷையா இருந்தால்?"

"விசர்க் கதை கதையாதை. வெள்ளைக்காரருக்கு இங்கிலிஷை விட்டால் வேறை என்ன பாஷையடா?"

 பள்ளிக்கூடத்தில் படித்த புத்தகத்திலும் அப்படித்தான் இருந்தது.

அந்த வருடக் கோடைக்குப் பிறகு புது மனேச்சர் வந்தார். இங்கிலாந்துக்காரர், இளவயது. உருளையில் அகப்பட்டுவிடாமல் கழுத்துப் பட்டியைச் சேர்ட்டுக்குள் செருகிக்கொண்டு நடப்பார். வந்த சில நாட்களிலேயே ஒரு சம்பவம் நடந்தது. அண்ணை தன் மனைவியின் முதல் பனிக்காலக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். கழுவின உடுப்பை அந்த மனிசி ஊரில்போல பல்கனியில் காயப்போட்டுவிட்டாராம். கதை அந்த இடத்துக்கு வந்தபோது மனேச்சர் உள்ளே வந்தார். நாங்கள் எல்லாரும் வழக்கம்போல் வாயை மூடினோம். அவர் எங்களைக் கடந்து பத்தடி போயிருக்க மாட்டார். அண்ணை கதையை விட்ட இடத்தில் தொட்டார். "போய்ப் பார்த்தால் என்ரை காற்சட்டை ஐசாகித் தன்ரை பாட்டிலை எழும்பி நிக்குது. குளிருக்கை நிக்காதையுங்கோ எண்டு தோளிலை கை போட்டு உள்ளை கூட்டிக்கொண்டு வந்தன்." எல்லாரும் வெடித்துச் சிரித்தோம். மனேச்சர் திரும்பிப் பார்த்தார். அவருடைய கழுத்திலிருந்து காதுவரை சிவப்பு ஏறியது எனக்குத் தெரிந்தது. என்ன நினைத்துவிட்டார் என்பதும் தெரிந்தது. அதை ஓடிப்போய்த் துடைத்துவிட முடியாது.

அடுத்த கிழமை சாப்பாட்டறைச் சுவரில் அறிவித்தல் ஒட்டப்பட்டது. பாதுகாப்புக் காரணங்களுக்காக வேலைத்தளத்தில் இங்கிலிஷ் மட்டும். மூன்றாவது எச்சரிக்கையோடு வேலை போகும். கூட்டம் கூட்டினார்கள். என்னை எல்லாரும் முன்னால் தள்ளினார்கள். பெரியவர்கள் வந்தால் பேச்சை நிறுத்துவது எங்கள் மரியாதை என்று விளக்கினேன். மனேச்சர் பொறுமையாகத்தான் கேட்டார். அப்படியானால் நான் போன பிறகு எதற்குச் சிரித்தீர்கள் என்றார். நான் காற்சட்டைக் கதையை இங்கிலிஷில் சொன்னேன். ஒரு சொல்கூடப் பிசகவில்லை. ஆனால் இங்கிலிஷில் அந்தக் காற்சட்டை எழும்பி நிற்கவேயில்லை.  நான் அந்த இடத்திலேயே கதை கட்டினேன் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். சுப்பவைசர் சுவரோரம் நின்றார், ஒரு வார்த்தை பேசவில்லை. அவரும் மனேச்சரின் ஆள்தான் என்று முடிவு செய்துவிட்டோம்.

நான் அன்ரிக்கு நாலு சொல் சொல்லிக்கொடுத்தேன். புல், டவுன், வெயிற், கோ. ஆபத்துக்கு ஸ்டொப். அன்ரி சொல்லிப் பார்த்துவிட்டு, "நாய் பழக்கிற மாதிரிக் கிடக்குது தம்பி" என்றார். ஆனாலும் பழகினார். பஸ்ஸில் வரும்போது உதட்டுக்குள் சொல்லிக்கொண்டே வருவார். மெசின் பக்கம் முன்போல் இருக்கவில்லை. ஒவ்வொரு சொல்லும் வாய்க்கு வருவதற்குள் விரிப்புப் பாதி போய்விடும். சுருங்கிய துணிகள் திரும்பி வந்து குவிந்தன. இடையில் எல்லாரும் ஊமை. உருளைகளின் இரைச்சல் மட்டும். யார் எப்போது வாய் தவறுவார்கள் என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம்.

அன்ரிக்கு முதலாவது எச்சரிக்கை, புதிதாக வந்த பிள்ளை ஒன்றுக்குக் குளியலறை எந்தப் பக்கம் என்று தமிழில் காட்டியதற்கு. இரண்டாவது, துணி வண்டி என் குதிக்காலில் ஏறியபோது "பார்த்தடா" என்றதற்கு. இரண்டையும் எழுதியவர் சுப்பவைசர். எழுதும்போது அன்ரியின் முகத்தை அவர் பார்க்கவில்லை. அன்றைக்குப் பின்னேரம் பஸ் தரிப்பில் பனித்தூறலுக்குள் நின்றபோது அன்ரி என்னோடுகூடத் தமிழில் கதைக்கவில்லை. வேலைத்தளத்துக்கு வெளியில்தான் நிற்கிறோம், கதையுங்கோ என்றேன். "பழகிப்போனால் உள்ளையும் வந்திடும் தம்பி" என்றார்.

அதற்குப் பிறகுதான் பின்வாசல் சண்டை வந்தது. நானும் அன்ரியும் துணி வண்டியைத் தள்ளிக்கொண்டு போனோம். சுப்பவைசரும் கணவரும் வழமைபோல் கதைத்துக்கொண்டு நின்றார்கள். அந்த ஏறி இறங்கும் பேச்சுக்கு நடுவில், ஐயத்துக்கு இடமில்லாமல், அன்ரியின் பெயர் வந்தது. எனக்கும் கேட்டது. அன்ரி வண்டியை விட்டார்.

"கேள் தம்பி. என்னைப் பற்றி என்ன கதைச்சவ எண்டு கேள். இங்கிலிஷிலை சொல்லச் சொல்லு. எங்களுக்கு ஒரு சட்டம், உவவுக்கு ஒரு சட்டமோ?"

அவர் தமிழில்தான் கத்தினார். மூன்றாவது எச்சரிக்கை அந்த வசனத்துக்குள்ளேயே இருந்தது. நான் அவசர அவசரமாக இங்கிலிஷில் சொன்னேன். முடிந்தவரை மெதுமையாக்கித்தான் சொன்னேன். ஆனால் அன்ரியின் முகத்தை மெதுமையாக்க என்னால் முடியாது. சத்தம் கேட்டு மனேச்சர் அலுவலக வாசலுக்கு வந்துவிட்டார். நல்லவேளையாக அவர் காதில் விழுந்தது என்னுடைய இங்கிலிஷ்தான். சுப்பவைசரைப் பார்த்து, அது என்ன பாஷை என்றார்.

"வெல்ஷ்" என்றார் கணவர்.

அந்தச் சொல்லை நான் முதல்முதலாகக் கேட்டது அங்கேதான். மனேச்சர் சிரித்தார். அது கெட்ட சிரிப்பு என்று சொல்லமாட்டேன். சின்ன வயதில் விடுமுறைக்கு வீட்டாரோடு இங்கிலாந்துக்கு மேற்கே உள்ள வேல்ஸுக்குப் போவார்களாம். கடைக்குள் நுழைந்தால் போதும், அதுவரை இங்கிலிஷில் கதைத்துக்கொண்டிருந்த சனம் உடனே தங்கள் பாஷைக்கு மாறிவிடுமாம், தன் அம்மாவுக்கு அதில் சரியான கோபமாம். அண்ணை துணி வண்டிக்குப் பக்கத்தில் நின்று சொன்ன அதே கதை. சொற்கள்கூட அதே சொற்கள். 

சுப்பவைசரின் முகம் மாறியது. "நாங்கள் மாறவில்லை" என்றார். "நீங்கள் கதவைத் திறப்பதற்கு முன்னரும் அதைத்தான் பேசிக்கொண்டிருந்தோம்."

 ட்றக்கின் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. மனேச்சர், அறிவித்தல் எல்லாருக்கும் பொதுவானது என்று மெல்லச் சொன்னார். சுப்பவைசர் கணவரின் பக்கம் திரும்பினார். "வண்டிகள் தயார். ஏற்றலாம்" என்று இங்கிலிஷில் சொன்னார். அன்ரியின் கேள்விக்குப் பதில் சொல்லாமலே உள்ளே போய்விட்டார். மறுநாளிலிருந்து அவர்கள் இருவரும் பின்வாசலில் இங்கிலிஷில்தான் கதைத்தார்கள். வண்டி எத்தனை, எந்த ஆஸ்பத்திரி, தெருவில் பனி எப்படி. வங்கியில் வரிசையில் நிற்கும் இரண்டு பேர் கதைப்பதுபோல் இருக்கும். கணவர் சீக்கிரமே ட்றக்கில் ஏறிவிடுவார். எங்களுக்கு ஒரு வெற்றி கிடைத்திருந்தது. அண்ணைகூட அதைக் கொண்டாடவில்லை.

நத்தாருக்கு முந்திய நாட்கள். ஆஸ்பத்திரிகளிலிருந்து துணி மலைபோல் வந்துகொண்டிருந்தது. உருளைகளுக்கு முன்னால் காவலுக்கு ஒரு இரும்புச் சட்டம் உண்டு. கை பட்டால் மெசின் தானாக நிற்க வேண்டும். அது துணி பட்டாலும் நின்றுவிடுகிறதென்று அதை யாரோ கம்பியால் தூக்கிக் கட்டியிருந்தார்கள். பின்னேரம் மனேச்சர் மறுபக்கம் நின்று யாருடனோ பேசிக்கொண்டிருந்தார். அன்ரி காலையிலிருந்து நாலு சொல்லுக்குமேல் வாய் திறக்கவில்லை. பழைய விரிப்பு ஒன்று வந்தது. அதன் ஓரம் கிழிந்து நாடாபோல் தொங்கியதை நான் கவனிக்கவில்லை. "கோ" என்றார் அன்ரி. விட்டேன். நாடா என் மணிக்கட்டில் சுற்றியிருந்தது. விரிப்புப் போன வேகத்தில் கையும் கூடவே போனது.

அன்ரி கண்டுவிட்டார். ஸ்டொப் என்ற சொல் அவர் வாய்க்கு வரவில்லை. "கையை எடுடா! கை! கை! ஐயோ என்ரை பிள்ளை!" என்று கத்திக்கொண்டு என் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். அதே கணத்தில் மெசினின் மறு கோடியிலிருந்து இன்னொரு அலறல். அது இங்கிலிஷ் இல்லை. என்ன சொல் என்று எனக்கு இன்றும் தெரியாது. ஆனால் கேட்ட எல்லாரும் கையிலிருந்த துணியை விட்டார்கள். சுப்பவைசர் சிவப்புப் பொத்தானில் உள்ளங்கையால் அடித்தார். உருளைகள் முனகிக்கொண்டு நின்றன. என் நகங்களில் சூடு பட்டுக்கொண்டிருந்தது. அவ்வளவு கிட்டே.

மனேச்சர் ஓடிவந்தார். முதலில் என் கையைத்தான் பார்த்தார், அதைச் சொல்ல வேண்டும். மணிக்கட்டில் சிவந்த தடம் மட்டும்.  பயந்துபோன மனிதர்கள் எதையாவது பிடித்துக்கொள்வார்கள். அவர் அறிவித்தலைப் பிடித்துக்கொண்டார். பாதுகாப்புக்குத்தான் இந்த விதி, ஆபத்தில் எல்லாருக்கும் விளங்குகிற பாஷையில் கத்த வேண்டும் என்றார். அன்ரியைக் காட்டி, இவர் எந்தப் பாஷையில் கத்தினார் என்று சுப்பவைசரிடம் கேட்டார். பிறகு, "இது மூன்றாவது" என்றார்.

அன்ரிக்கு மூன்று என்ற இங்கிலிஷ்ச் சொல் விளங்கும். என் தோளில் இருந்த அவருடைய பிடி தளர்ந்தது. "பெடியள்" என்று மட்டும் சொன்னார், யாருக்கென்று இல்லாமல்.

சுப்பவைசர் எங்களை நோக்கி நடந்துவந்தார். கம்பியைத் திருகி அவிழ்த்துக் காவல் சட்டத்தைக் கீழே இறக்கினார். அதைச் செய்து முடித்த பிறகுதான் பேசினார். "இரண்டு பேர் கத்தினோம். நானும் இங்கிலிஷில் கத்தவில்லை. எல்லாருக்கும் விளங்கியது. எழுதுவதானால் இரண்டு பேரையும் எழுதுங்கள். என்னுடைய பெயரை முதலில் எழுதுங்கள்."

குரல் உயரவில்லை. மனேச்சர் அவரையும் அன்ரியையும் மாறிமாறிப் பார்த்தார். அவர் எதையும் எழுதாமல் அலுவலகத்துக்குப் போனார். கதவு மூடியது. உள்ளே போய் எழுதுகிறாரா இல்லையா என்று எங்களுக்கு எப்படித் தெரியும்?

அதற்குப் பிறகு வந்த நாட்கள்தான் பொல்லாதவை. அலுவலகக் கதவு திறக்கும்போதெல்லாம் அன்ரி துணியைக் கீழே வைத்துவிட்டு, கூப்பிடப்போகிறார்கள் என்று ஏப்ரனில் கையைத் துடைப்பார். கொழும்புக்குத் தொலைபேசி எடுத்து, எல்லாம் நல்லபடி நடக்கிறது என்று பிள்ளைகளுக்குச் சொல்வார். என்னிடம் மட்டும், "அவன் நேற்று ரியூசனாலை வரேக்கை பொலிஸ் மறிச்சதாம்" என்பார். அவரை யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட்டது சுப்பவைசரைத்தான். நகரத்தின் மேற்குக் கோடியில் கொம்பனிக்கு இன்னொரு தொழிற்சாலை இருந்தது, அங்கே அவரை மாற்றியிருந்தார்கள். உயர்வு என்றார்கள். இரண்டு பஸ்ஸும் சப்வேயும் எடுத்து ஒன்றரை மணித்தியாலம் போய் வருகிற உயர்வு. அறிவித்தல் சுவரிலேயே இருந்தது. ஆனால் அதை வைத்து யாரும் யாரையும் பிறகு பிடிக்கவில்லை.

கடைசி நாள் சாப்பாட்டு நேரம் சுப்பவைசர் எங்கள் மேசைக்கு வந்தார். நாங்கள் பழக்கதோஷத்தில் பேச்சை நிறுத்தினோம். அவர் அந்த மௌனத்தைக் கவனித்துச் சிரித்தார். அன்ரி என் முழங்கையை இடித்தார். "அண்டைக்குக் கேட்டதுக்குப் பதில் வரேல்லை. கேள்."

கேட்டேன். சுப்பவைசர் கதிரையை இழுத்து உட்கார்ந்தார். அன்று கணவரிடம் தான் சொன்னது இதுதான் என்றார்: இவர்கள் நான் வரும்போதெல்லாம் பேச்சை நிறுத்துகிறார்கள், என்னைப் பற்றித்தான் கதைக்கிறார்கள், எல்லாரிலும் கூடக் கதைப்பது இவர்தான் என்று அன்ரியைக் காட்டினார். தன்னுடைய அம்மா வேல்ஸில் ஒரு சின்ன ஊரில் கடை வைத்திருந்தாராம். கோடையில் இங்கிலாந்திலிருந்து வருகிறவர்கள் இதே குற்றத்தைத்தான் அம்மாவின் மேல் சொல்வார்களாம். அதைக் கேட்டுக் கேட்டு வளர்ந்த தானே, இவ்வளவு தூரம் கப்பலேறி வந்து அந்த வாடிக்கையாளராக மாறிப்போய் நின்றதாகச் சொன்னார். முகம் சிவந்திருந்தது. ஆனால் நாங்கள் அவரைப் பற்றிக் கதைக்கவேயில்லை என்று கணவர் அன்றைக்கே அவருக்குச் சொல்லியிருந்தாராம்.

நான் எல்லாவற்றையும் தமிழில் சொல்லி முடித்தேன். எங்கள் மரியாதையைப் பற்றி இன்னொரு தரம் விளக்கலாம் என்று வாயைத் திறந்தேன். அன்ரி குறுக்கிட்டார்.

"மனிசன் சொன்னது பிழையெண்டு சொல்லு. நாங்கள் உவவைப் பற்றிக் கதைச்சனாங்கள்தானே!"

"அன்ரி..."

"சொல்லு தம்பி. மனிசன் நல்ல வடிவு, உவவுக்கு அது கொஞ்சம் கூடிப்போச்செண்டு கதைச்சனாங்கள்."

"நான் சொல்லேல்லை" என்றார் அண்ணை, சோற்றிலிருந்து தலையை எடுக்காமல்.

நான் தயங்கினேன். பிறகு அப்படியே சொன்னேன்.  சுப்பவைசர் மேசையில் கையை ஊன்றிக்கொண்டு கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். என் மொழிபெயர்ப்புக்கு அந்தத் தொழிற்சாலையில் கிடைத்த ஒரே சிரிப்பு அதுதான். போகும்போது அன்ரி எழுந்து நின்று அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். பெடியன்கள் வந்தால் தனக்குச் சொல்லியனுப்பும்படி சுப்பவைசர் சொன்னார். அடுத்த வசந்தத்தில் அவர்கள் வந்தார்கள். நான் மேற்குத் தொழிற்சாலைக்குத் தொலைபேசி எடுத்தேன். அவர் அங்கிருந்தும் போய்விட்டார், எங்கே என்று தெரியாது என்றார்கள்.

அதெல்லாம் நடந்து சில வருடங்களாகிவிட்டன; இப்போது நான் பகலில் படிக்கிறேன். மற்ற நேரத்தில் ஒரு மருத்துவ நிலையத்தில் எங்கள் சனத்துக்கு மொழிபெயர்க்கிறேன். அன்ரி அதே மெசினில்தான் நிற்கிறார். போன மாதம் மோர்னிங்சைட்டில் அவருடைய அப்பார்ட்மென்றுக்குச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். பெடியன்கள் இருவரும் என்னைவிட உயரமாகிவிட்டார்கள். அன்ரி குசினியில் மீன் குழம்பு கூட்டிக்கொண்டிருந்தார். அவர்கள் சோபாவில் எனக்குப் பக்கத்திலிருந்து வேகவேகமாக இங்கிலிஷில் கதைத்தார்கள். அம்மாவின் கை நடுங்குகிறது. நேற்றும் கோப்பையைப் போட்டு உடைத்துவிட்டார். அந்த வேலையை விடச் சொல்ல வேண்டும், இனி எங்கள் இரண்டு பேரின் பகுதிநேர வேலை போதும். நீ சொல். ஏன் நான், நீதானே மூத்தவன்.

அன்ரி சட்டியோடு உள்ளே வந்தார். இருவரும் ஒரே நேரத்தில் நிறுத்தினார்கள்.

அன்ரி சட்டியை மேசையில் வைக்கவில்லை. பெடியன்களின் முகங்களைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"என்ன தம்பி, என்னைப் பற்றியே?"

அவர்கள் இருவரும் என்னைப் பார்த்துத் தலையை மெல்ல அசைத்தார்கள், சொல்லாதீர்கள் என்று.

"ஓம் அன்ரி" என்றேன். "உங்களைப் பற்றித்தான்."

"என்ன கதைச்சவங்கள்?"

சொல்லியிருக்கலாம். ஒரு சொல் பிசகாமல் சொல்ல எனக்குத் தெரியும். "அவங்களே சொல்லட்டும் அன்ரி" என்றேன். "தமிழிலை சொல்லட்டும்."

மூத்தவன் எழுந்து நின்றான். "அம்மா" என்று தொடங்கினான். அடுத்த சொல்லை அவன் எங்கெங்கோ தேடிக்கொண்டிருந்தான். கையில் சூட்டுச் சட்டியோடு அன்ரி அவன் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்.